இசையமைப்பையும் வீடியோ எடிட்டிங்கையும் சேர்த்துச் செய்பவர்களுக்கு எந்த மென்பொருள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தன் பாட்டைத் தானே பதிவு செய்து அதற்கான வீடியோவையும் தானே எடிட் செய்பவர்கள், குறும்படத்துக்கு இசையமைத்துக்கொண்டே அதன் எடிட்டிங்கையும் கவனிப்பவர்கள், கச்சேரிகளைப் பல கேமராக்களில் படம்பிடித்து ஒலியும் சேர்த்துத் தருபவர்கள் ஆகியோர் மென்பொருள் வாங்குவதற்கு முன் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே உள்ளன. விலைகள் நிறுவனங்களின் அமெரிக்கப் பட்டியல் விலைகள். வரியும் உள்நாட்டு விற்பனையாளர் விலையும் வேறுபடும்.

இரண்டு வேலைகளையும் ஒரே தரத்தில் செய்யும் ஒரே மென்பொருள் உண்டா?

இல்லை. இரு வகை மென்பொருள்களும் காலத்தை அளக்கும் முறையே வேறு என்பதுதான் இதற்கு அடிப்படைக் காரணம். இசை மென்பொருளில் காலம் தாளத்தால் அளக்கப்படுகிறது. பாட்டின் வேகத்தை மாற்றினால் எழுதப்பட்ட சுரங்கள் அனைத்தும் அதோடு சேர்ந்து நகரும். வீடியோ மென்பொருளில் காலம் ஃப்ரேம்களால் அளக்கப்படுகிறது. நொடிக்கு 25 ஃப்ரேம் என்றால் ஒரு ஃப்ரேம் 40 மில்லிநொடி, அதற்குள் படத்தை வெட்ட இடமில்லை. நிமிடத்துக்கு 120 தாள அடி (பீட்) வேகத்தில் போகும் பாட்டில் ஓர் அடியின் கால் பங்கு 125 மில்லிநொடிதான் என்பதால், 40 மில்லிநொடி விலகினாலே தாளம் பிசகியது காதுக்குத் தெரிந்துவிடும். ஒலியை ஃப்ரேம் எல்லையில் மட்டுமே வெட்டும் ஒரு மென்பொருளில் இசையைச் செதுக்க முடியாததற்கு இதுவே காரணம்.

இரு கரைகளையும் இணைக்கும் முயற்சிகள் நடக்காமல் இல்லை. அமெரிக்காவின் சோனிக் ஃபவுண்ட்ரி நிறுவனம் 1999இல் வேகாஸை ஒலிக்கான மென்பொருளாகவே வெளியிட்டது. அடுத்த ஆண்டில் அதற்கு வீடியோ வசதி வந்தது, பிறகு அது எடிட்டிங் மென்பொருளாகவே அறியப்பட்டது. எதிர்த் திசையில், டாவின்சி ரிசால்வ் நிறத்திருத்தக் கருவியாகத் தொடங்கியது. அதன் உரிமையாளரான பிளாக்மேஜிக் டிசைன் 2016இல் ஆஸ்திரேலியாவின் ஃபேர்லைட் நிறுவனத்தை வாங்கி, 2017இல் வந்த 14ஆம் பதிப்பில் முழு ஒலிக்கலப்புப் பகுதியைச் சேர்த்தது. இரண்டுமே நல்ல கருவிகள். ஆனால் இரண்டிலும் பிறந்த வீட்டு வேலை சிறப்பாகவும் மற்றது ஓரளவுக்கும்தான் நடக்கிறது.

அப்படியென்றால் எந்த அடிப்படையில் தேர்ந்தெடுப்பது?

வசதிப் பட்டியல்களை ஒப்பிடுவதைவிட ஒரு கேள்விக்கு விடை தேடுவது பயன் தரும்: உங்கள் வேலையில் கடைசி நாள் வரை மாறிக்கொண்டே இருப்பது இசையா, படமா? பாட்டு முதலில் முடிந்து, அதன் மேல் காட்சிகளை அடுக்குகிறீர்கள் என்றால் இசை மென்பொருளிலிருந்து ஒரே ஒரு ஒலிக்கோப்பு வெளியே வந்தால் போதும். எடிட்டிங் மென்பொருள் எதுவானாலும் பெரிய சிக்கல் வராது. படம் முதலில் வெட்டப்பட்டு அதற்கு இசை எழுதப்படுகிறது என்றால், இசை மென்பொருளுக்குள் படம் ஓட வேண்டும், காட்சி மாறும் இடங்களைக் குறிக்க வேண்டும், படத்தை மறுபடி வெட்டும்போது இசையையும் நகர்த்த வேண்டும். இரண்டும் கடைசி வரை மாறுகின்றன என்பவர்களுக்கு மட்டும்தான் ஒரே மென்பொருளைத் தேடுவதில் உண்மையான பொருள் இருக்கிறது. அவர்களும் அடுத்து வரும் குறைகளை ஏற்றுக்கொண்டுதான் ஆக வேண்டும்.

பெரும்பாலானவர்களுக்கு இந்தப் பக்கத்தின் பரிந்துரை இரண்டு மென்பொருள்கள்: ரிசால்வின் இலவசப் பதிப்பு, அதோடு உங்கள் கை ஏற்கெனவே பழகிய இசை மென்பொருள் ஒன்று. புதிதாகத் தொடங்குபவர் என்றால் ரீப்பர் என்ற இசை மென்பொருள்.

ரிசால்வ் ஒன்றிலேயே இசையமைத்துவிட முடியாதா?

குரலையும் கருவிகளையும் நேரடியாகப் பதிவு செய்து, சமன்படுத்தி, கலந்து முடிப்பதுதான் உங்கள் வேலை என்றால் முடியும். அதன் ஒலிப் பகுதியான ஃபேர்லைட் பக்கத்தில் ஒலியை ஃப்ரேமுக்கும் கீழே, மாதிரி (சாம்பிள்) எனப்படும் மிகச் சிறு துண்டு அளவில் வெட்டலாம். ஒவ்வொரு டிராக்கிலும் மேல், கீழ்த் தொனிகளைச் சமன்செய்யும் ஈக்யூவும், ஒலியளவின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் கம்ப்ரஸரும் இருக்கின்றன. விஎஸ்டி பிளக்கின்கள் என்ற கூடுதல் ஒலி நிரல்களைச் சேர்க்கலாம். ஒலியளவு மீட்டரும் உண்டு. ஒரு வீணைக் கலைஞரின் வீட்டுப் பதிவையோ கிட்டாரோடு பாடும் ஒருவரின் பாட்டையோ அதிலேயே தொடங்கி அதிலேயே முடிக்கலாம்.

கீபோர்டில் வாசித்ததை ஒலியாக அல்லாமல் குறிப்புகளாகச் சேமிக்கும் மிடி சுரங்களைத் திருத்தவோ, டிரம் வரிசைகளை எழுதவோ, கணினியே ஒலிக்கும் மெய்நிகர்க் கருவிகளை அடுக்கவோ நினைப்பவர்களுக்கு அது உதவாது. சுரங்களைக் கட்டம் கட்டமாகக் காட்டும் பியானோ ரோல் அதில் இல்லை. ஃபேர்லைட் என்ற பெயர் 1979இல் வந்த, பதிவான ஒலிகளைச் சுரங்களாக வாசிக்க உதவும் ஒரு சாம்ப்ளர் கருவியால் புகழ்பெற்றது என்பதையும், அந்தக் கருவியில் 1982லேயே ஒரு தாள வரிசையமைப்பான் இருந்தது என்பதையும் நினைத்தால் இது வேடிக்கைதான்.

இலவசப் பதிப்பு 3840×2160 அளவிலும் நொடிக்கு 60 ஃப்ரேம் வரையிலும் வீடியோவை வெளியிடும், நீர்க்குறி போடுவதில்லை. 295 டாலருக்கு ஒருமுறை வாங்கும் ஸ்டுடியோ பதிப்பில் இரைச்சல் நீக்கம், குரலைப் பின்னணியிலிருந்து பிரிக்கும் வசதி முதலியவை கூடுதல். இலவசப் பதிப்பில் ஒரு படத்தையாவது முடித்து வெளியிட்ட பிறகு ஸ்டுடியோவை யோசிப்பதே நல்லது.

ரீப்பரில் வீடியோவை எடிட் செய்ய முடியும் என்கிறார்கள், உண்மையா?

உண்மை, ஆனால் எதுவரை என்று தெரிந்துகொள்ள வேண்டும். ரீப்பரை உருவாக்கியது காக்கோஸ் நிறுவனம். அதை நிறுவியவர், பாட்டுக் கேட்கும் மென்பொருளான வின்ஆம்பை எழுதிய ஜஸ்டின் ஃபிராங்கெல். இதில் வீடியோக் கோப்பு, ஒலிக்கோப்பைப் போலவே டிராக்கில் வந்து அமரும். ஒலியை வெட்டும் அதே விசையால் படத்தையும் வெட்டலாம், ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி மங்கவைக்கலாம், எழுத்து சேர்க்கலாம், பச்சைத் திரையை நீக்கலாம். இவை அனைத்தும் வீடியோ புராசஸர் என்ற சிறு நிரல் வழியாக நடக்கின்றன. விருப்பமுள்ளவர்கள் அதன் வரிகளைத் தாங்களே மாற்றி எழுதலாம்.

தாளத்துக்குச் சரியாகக் காட்சி மாற வேண்டிய பாட்டு வீடியோக்களுக்கு இது தனிச் சுகம் தருகிறது. கட்டங்கள் தாளக்கட்டின்படியே இருப்பதால், காட்சித் துண்டை இழுத்துவிட்டால் அது நேராக அடியின் மேல் போய் ஒட்டிக்கொள்ளும். பாட்டின் வேகத்தை மாற்றினால் வெட்டுகளும் கூடவே நகரும்படி அமைக்கலாம். எடிட்டிங் மென்பொருள்களில் ஒவ்வொரு அடிக்கும் மார்க்கர் போட்டுச் சோர்ந்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

நிறத்திருத்தத்துக்கு இது ஆகாது. 4கே கோப்புகள் பல அடுக்குகளில் ஓடினால் கணினி திணறும். விண்டோஸில் சில கோப்பு வகைகளைத் திறக்கவும் வெளியிடவும், வீடியோ வகைகளைக் கையாளும் எஃப்எஃப்எம்பெக் நூலகக் கோப்புகளைத் தனியே சேர்க்க வேண்டியிருக்கும். ஆகவே காட்சிகளைச் சிறிய அளவுக்கு மாற்றி இங்கே வரைவு வெட்டை முடித்து, இறுதி வேலையை ரிசால்வில் செய்வது நல்ல வழி.

60 நாள்கள் முழு வசதியோடும் பயன்படுத்திப் பார்க்கலாம். அதன்பின் தனிநபர்களுக்கும், ஆண்டு மொத்த வருவாய் 20,000 டாலரைத் தாண்டாத சிறு தொழில்களுக்கும் உரிமம் 60 டாலர். மற்றவர்களுக்கு 225 டாலர். இரண்டு உரிமங்களுக்கும் வசதிகளில் வேறுபாடு இல்லை.

மிக்ஸ்கிராஃப்ட், வேகாஸ் ஆகியவற்றில் எது பொருந்தும்?

ஒரே மென்பொருள் என்ற கொள்கையை விடாதவர்களுக்கு, ரீப்பரோடு சேர்த்து இந்த இரண்டும்தான் மிஞ்சுகின்றன. இரண்டும் விண்டோஸில் மட்டுமே ஓடும். அக்குஸ்டிகா நிறுவனத்தின் மிக்ஸ்கிராஃப்டில் மிடி, மெய்நிகர்க் கருவிகள், லூப்கள் (திரும்பத் திரும்ப ஒலிக்கும் சிறு இசைத் துண்டுகள்) என்று இசையமைப்புக்கு வேண்டியவை இருக்கின்றன. அதே டைம்லைனில் வீடியோ டிராக்குகளும் காட்சி மாற்றங்களும் எழுத்துகளும் உண்டு. பள்ளி ஆசிரியர், பாடம் நடத்துபவர், வீட்டிலிருந்து பாட்டு வெளியிடுபவர் ஆகியோருக்கு இது போதும். வேகாஸ் நேர்மாறானது: வீடியோ வேலை வலுவாக இருக்கும், ஒலியை வெட்டுவதிலும் அடுக்குவதிலும் மற்ற எடிட்டிங் மென்பொருள்களைவிடக் கைவேகம் கிடைக்கும், ஆனால் மிடி சுரங்களை எழுதிக் கருவி இசைக்கும் வசதி கிடையாது. லூப்களையும் பதிவுகளையும் வைத்தே இசை செய்பவர்கள் மட்டும் அதைக் கருதலாம்.

கியூபேஸ், லாஜிக், ஏபிள்டன் லைவ், எஃப்எல் ஸ்டுடியோ, புரோ டூல்ஸ் ஆகியவற்றில் வீடியோ டிராக் இருக்கிறதே?

இருக்கிறது, முதன்மையாக அது படத்தைப் பார்த்துக்கொண்டே இசையமைப்பதற்கானது. சில வெட்டுகளைச் செய்ய விடும் மென்பொருள்கள் உண்டு என்றாலும், அதை எடிட்டிங் என்று எண்ணி வாங்கக் கூடாது. எனினும், படத்துக்கு இசையமைப்பவர்களுக்கு இந்த வசதிகளின் வேறுபாடுகள் முக்கியமானவை.

கியூபேஸ் புரோவில் டைம் வார்ப் என்ற கருவியால் குறிப்பிட்ட அடியைப் பிடித்து, படத்தில் கதவு சாத்தப்படும் கணத்துக்கு இழுத்துவிடலாம். வேகம் தானே கணக்கிடப்படும். லாஜிக் படத்தில் காட்சி மாறும் இடங்களைத் தானே கண்டுபிடித்துக் குறிகள் போடும், ஆனால் ஒரு திட்டத்தில் ஒரு படம்தான் வைக்க முடியும். ஏபிள்டன் லைவின் ஸ்டாண்டர்ட், சூட் பதிப்புகளில் பாட்டை டைம்லைனில் அடுக்கும் அரேஞ்ச்மென்ட் திரையில் மட்டும் படம் ஓடும். வேகத்தைப் படத்துக்கு ஏற்ப வளைக்கும் வசதி அதில் எளிது. எஃப்எல் ஸ்டுடியோவில் படம் பார்ப்பதற்கு ஒரு பிளக்கினும், இசைக்கேற்ப அசையும் வரைகலையை உருவாக்கி நேரடியாக வீடியோவாக வெளியிட இசட்கேம்எடிட்டர் விஷுவலைசர் என்ற பிளக்கினும் உள்ளன. பாட்டுக்குப் படப்பிடிப்பே இல்லை, அட்டைப்படமும் அசையும் கோடுகளும் போதும் என்பவர்களுக்கு வேறு எடிட்டிங் மென்பொருளே தேவையில்லை. ஒருமுறை வாங்கினால் வாழ்நாள் முழுவதும் புதிய பதிப்புகள் இலவசம் என்ற அதன் விற்பனை முறையும் கவனிக்கத்தக்கது.

புரோ டூல்ஸின் இடம் வேறு. திரைப்பட ஒலிக்கலப்புக் கூடங்களில் அதுவே பொதுமொழி என்பதால், உங்கள் வேலை அங்கே போய்ச் சேரும் என்றால் அதன் கோப்புகளோடு பழகியிருப்பது நல்லது. தனியாக வேலை செய்பவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

மேக் வைத்திருப்பவர்களுக்கு லாஜிக்கும் ஃபைனல் கட்டும் தானே இயல்பான தேர்வு?

ஆம், பெரும்பாலும். லாஜிக் புரோ 199.99 டாலர், ஃபைனல் கட் புரோ 299.99 டாலர், இரண்டும் ஒருமுறை விலையில் கிடைத்து, ஆண்டுக்கணக்கில் புதிய பதிப்புகளையும் பெற்று வந்திருக்கின்றன. ஃபைனல் கட் தரும், வெட்டு விவரங்களைத் தாங்கிய எக்ஸ்எம்எல் கோப்பை லாஜிக் திறக்கும் என்பதால் வசனம், ஒலி விளைவு, இசை ஆகியவை தனித்தனி டிராக்குகளாகவே வந்து சேர்கின்றன. முதலில் பணம் செலவிட வேண்டாம் என்பவர்கள் கணினியோடு வரும் கராஜ்பேண்டில் பாட்டைச் செய்து ஐமூவியில் வெட்டலாம். குறை ஒன்றுதான்: பின்னாளில் விண்டோஸுக்கு மாறினால் பழைய திட்டக் கோப்புகள் எதையும் திறக்க முடியாது.

அடோபியின் பிரீமியரும் ஆடிஷனும்?

ஆடிஷன் ஒலியைச் சுத்தம் செய்வதற்கும் கலப்பதற்கும் நல்ல கருவி. பிரீமியரோடு நெருக்கமாக இணைந்து ஓடும். மிடி வசதி இல்லாததால் இசையமைப்புக்கு இன்னொரு மென்பொருளும் வேண்டியிருக்கும். சந்தா நின்றுபோனால் பழைய திட்டங்களைத் திறந்து திருத்த முடியாது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். அலுவலகத்தில் ஏற்கெனவே சந்தா இருப்பவர்களைத் தவிர மற்றவர்களுக்கு இதைப் பரிந்துரைக்கக் காரணம் தெரியவில்லை.

லினக்ஸில் என்ன செய்வது?

ரீப்பர், ஆர்டர் (Ardour) ஆகிய இசை மென்பொருள்கள் இரண்டும் லினக்ஸில் இயல்பாக ஓடுகின்றன. ஆர்டரில் படத்தை ஒலியோடு ஒத்திசைத்துக் காட்டும் வசதி உண்டு. எடிட்டிங்குக்கு கேடன்லைவ் கட்டற்ற மென்பொருள்களில் முதிர்ந்தது. ரிசால்வும் கிடைக்கிறது, ஆனால் அதன் இலவச லினக்ஸ் பதிப்பு எச்.264, எச்.265 என்ற சுருக்கு முறைகளில் பதிவான வீடியோக்களைத் திறக்காது. கைப்பேசியிலும் பெரும்பாலான கேமராக்களிலும் எடுத்த காட்சிகளை முதலில் டிஎன்எக்ஸ்எச்ஆர் போன்ற, எடிட்டிங்குக்கென உள்ள பெரிய கோப்பு வகைக்கு மாற்றிய பிறகே பயன்படுத்த முடியும் என்பதால், வட்டில் இடம் தாராளமாக வேண்டும்.

ஒலியை 44.1 கிலோஹெர்ட்ஸில் வைப்பதா, 48இல் வைப்பதா?

படம் சேரும் எந்த வேலைக்கும் 48தான். 44.1 என்பது சிடியின் அளவு. வீடியோக் கருவிகள் அனைத்தும் 48 கிலோஹெர்ட்ஸையே அடிப்படையாகக் கொண்டவை. பாட்டின் முதல் சுரத்தைப் பதிவு செய்வதற்கு முன்பே இசை மென்பொருளின் திட்ட அமைப்பில் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்று வைத்துவிட வேண்டும். இன்றைய மென்பொருள்கள் வேறு அளவில் வரும் கோப்பைத் தாமே மாற்றிக்கொள்ளும் என்பது உண்மையே. ஆனால் எங்கோ ஓரிடத்தில் மாற்றம் நடக்காமல் 44.1 கோப்பு 48ஆக ஓடிவிட்டால், பாட்டு ஏறத்தாழ 9 விழுக்காடு வேகமாகவும் ஒன்றரை அரைச்சுரம் அளவுக்குச் சுருதி ஏறியும் ஒலிக்கும். பாடியவரின் குரல் சின்னப்பிள்ளைக் குரல் போல் கேட்டால் முதலில் சோதிக்க வேண்டிய இடம் இதுவே.

பாட்டின் வேகத்துக்கும் ஃப்ரேம் எண்ணிக்கைக்கும் தொடர்பு உண்டா?

உண்டு, இதைக் கவனிப்பவர்கள் குறைவு. நொடிக்கான ஃப்ரேம் எண்ணிக்கையை 60ஆல் பெருக்கி, நிமிடத்துக்கான அடிகளால் வகுத்தால் ஓர் அடிக்கு எத்தனை ஃப்ரேம் என்று கிடைக்கும். 25 ஃப்ரேமில் 100 வேகம் என்றால் அடிக்குச் சரியாக 15 ஃப்ரேம். 125 என்றால் 12. 75 என்றால் 20. அதே 25 ஃப்ரேமில் 120 என்று வைத்தால் 12.5 ஃப்ரேம் வரும், அதனால் ஒன்றுவிட்டு ஒரு வெட்டு அரை ஃப்ரேம் தள்ளியே விழும். 24 ஃப்ரேமில் 120 வேகம் சரியாக 12 ஃப்ரேம் ஆகிறது, 30 ஃப்ரேமில் 15 ஆகிறது. அரை ஃப்ரேம் விலகல் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் வேகமாக வெட்டும் நடனக் காட்சிகளில், முழு எண் வரும் வேகத்தைத் தொடக்கத்திலேயே தேர்ந்தால் ஒருமுறை அமைத்த வெட்டுத் தொகுப்பை அப்படியே நகலெடுத்து அடுத்த சரணத்திலும் வைக்கலாம்.

எந்த ஃப்ரேம் எண்ணிக்கை என்பதில், இந்தியாவிலும் இலங்கையிலும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், குழல்விளக்கின் கீழ் எடுக்கும் காட்சிகளுக்கு 25 ஃப்ரேமும் ஐம்பதில் ஒரு நொடி ஷட்டரும் மினுக்கலைத் தவிர்க்கும். எதை எடுத்தாலும் இரண்டு மென்பொருள்களிலும் ஒரே எண் இருக்க வேண்டும். ஒன்றில் 24, மற்றொன்றில் 23.976 என்று இருந்து, கோப்பு அந்த வேறுபாட்டுக்கு ஏற்ப நீட்டப்பட்டால், நான்கு நிமிடப் பாட்டின் முடிவில் கால் நொடிக்குச் சற்றுக் குறைவாக உதடும் குரலும் பிரிந்திருக்கும்.

கைப்பேசியில் எடுத்த வீடியோ போகப்போக ஒலியோடு பொருந்தாமல் விலகுகிறது. மென்பொருளின் குறையா?

பெரும்பாலும் இல்லை. கைப்பேசிகள் வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் ஏற்ப ஃப்ரேம் இடைவெளியை மாற்றிக்கொண்டே பதிவு செய்கின்றன. ஒரே சீரான இடைவெளியை எதிர்பார்க்கும் மென்பொருள்கள் அங்கே குழம்புகின்றன, இசை மென்பொருள்கள் கூடுதலாகவே குழம்புகின்றன. ஹேண்ட்பிரேக் என்ற இலவசக் கருவியில் மாறா ஃப்ரேம் விகிதம் என்பதைத் தேர்ந்து கோப்பை ஒருமுறை மாற்றிவிட்டால் தீரும். இன்னொரு பொய்யான காரணமும் உண்டு: புளூடூத் ஹெட்ஃபோன் ஒலியைத் தாமதமாகவே தரும், அதைக் காதில் வைத்துக்கொண்டு பொருத்தம் பார்த்தால் சரியாக இருப்பதையும் தவறாகத் திருத்திவிடுவீர்கள். பொருத்தம் பார்க்கும் வேலைக்குக் கம்பியுள்ள ஹெட்ஃபோன் வேண்டும்.

இரண்டு மென்பொருள்களுக்கு இடையே வேலையை எப்படிக் கைமாற்றுவது?

இரு மென்பொருள் முறையின் வெற்றி தோல்வி இந்த இடத்தில்தான் இருக்கிறது. எந்த மென்பொருள் என்பதைவிட இதற்கே கூடுதல் கவனம் தர வேண்டும்.

படத்திலிருந்து இசைக்குப் போகும்போது, வெட்டு முடிந்த படத்தை 1280×720 போன்ற சிறிய அளவில், டிஎன்எக்ஸ்எச்ஆர் அல்லது புரோரெஸ் வகையில் வெளியிடுங்கள். எச்.264 கோப்பு சிறியதுதான். ஆனால் அதில் பல ஃப்ரேம்கள் முந்தைய, பிந்தைய ஃப்ரேம்களைச் சார்ந்தே சேமிக்கப்படுவதால், முன்னும் பின்னும் நகர்த்தும்போது இசை மென்பொருள் தடுமாறும். படத்தின் மேல் ஓடும் நேரக்குறியைப் பொறித்துவிடுங்கள். வசனத்தை இடது பக்கத்திலும், தற்காலிகமாக வைத்த இசையை வலது பக்கத்திலும் பிரித்து அனுப்பினால், இசையமைப்பவர் வேண்டாததை அணைத்துவிட்டு வேலை செய்யலாம்.

படத்தின் முதல் ஃப்ரேமை இரண்டு மென்பொருள்களிலும் 01:00:00:00 என்ற இடத்தில் வைத்து, படம் தொடங்குவதற்குச் சரியாக 2 நொடி முன்னால், அதாவது 00:59:58:00 இடத்தில், ஒரு ஃப்ரேம் நீளத்துக்கு 1 கிலோஹெர்ட்ஸ் ‘பீப்’ ஒலியை வைப்பது திரைப்படத் துறையின் பழைய வழக்கம். இசை திரும்பி வரும்போது அந்த ஒலி படத்திலுள்ள அதே ஃப்ரேமில் நின்றால் எல்லாம் சரி; இல்லையென்றால் எத்தனை ஃப்ரேம் விலகல் என்று உடனே தெரியும்.

இசையிலிருந்து படத்துக்கு வரும்போது ஒரே கோப்பாகக் கலந்து தராமல், தாளம், பேஸ் போன்ற தாழ்ந்த சுருதிக் கருவிகள், மற்றக் கருவிகள், குரல், எதிரொலி எனச் சில தொகுப்புகளாக, எல்லாவற்றையும் ஒரே தொடக்கப் புள்ளியிலிருந்து வேவ் கோப்பாக எடுங்கள். வசனம் வரும் இடத்தில் குரலை மட்டும் தாழ்த்தவும், ஒரு வரியை நீக்கவும் மறுபடி இசை மென்பொருளைத் திறக்க வேண்டியிராது. டிராக்குகளை வெட்டுகளோடு கைமாற்ற ஏஏஎஃப் என்ற வகை இருக்கிறது. லாஜிக், கியூபேஸ் புரோ, புரோ டூல்ஸ் ஆகியவை அதைத் திறக்கும். ரீப்பர் தானாக அதைத் திறக்காது, இடையில் மாற்றித் தரும் தனிக் கருவி வேண்டும். ரீப்பரைத் தேர்வதற்கு முன் தெரிந்திருக்க வேண்டிய பெரிய குறை அதுவே.

கர்நாடக இசைக் கச்சேரிகளைப் பதிவு செய்பவர்களுக்கு எது ஏற்றது?

தாளக் கட்டங்களும் மிடியும் இங்கே தேவைப்படாது. கலைஞர்கள் மெட்ரோனோம் கேட்டு வாசிப்பதில்லை, ஆலாபனைக்குத் தாளமே இல்லை. ஆகவே இசை மென்பொருளின் முதன்மை வசதிகள் பலவும் பயனற்றுப் போகின்றன. ரிசால்வ் ஒன்றே போதும் என்று தயங்காமல் சொல்லக்கூடிய வேலை இது. பல கேமராக் காட்சிகளை ஒலி அலையின் வடிவத்தைக் கொண்டே அது ஒன்றோடொன்று பொருத்தும். குரல், வயலின், மிருதங்கம், தம்புரா என்று தனித்தனியே பதிவான ஒலிகளை ஃபேர்லைட் பக்கத்தில் கலக்கலாம்.

இரண்டு கணக்குகளை மட்டும் மனத்தில் வைக்க வேண்டும். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்வதால், அரங்கின் பின்னால் 14 மீட்டர் தொலைவில் நிற்கும் கேமராவின் மைக்குக்கு ஒலி ஒரு ஃப்ரேம் தாமதமாகவே வந்து சேரும். அலை வடிவத்தால் பொருத்திய பிறகு அந்தக் கேமராவின் படம் மட்டும் ஒரு ஃப்ரேம் முந்தி நிற்கும் என்பதால், அதைக் கையால் ஒரு ஃப்ரேம் பின்தள்ள வேண்டும். மிருதங்கத்தில் கை விழும் கணத்தைப் பார்த்தால் இது விளங்கும். அடுத்தது, ஒலிப்பதிவுக் கருவிக்கும் கேமராவுக்கும் தனித்தனிக் கடிகாரங்கள். அவற்றுக்கிடையே பத்து இலட்சத்தில் 10 பங்கு வேறுபாடு இருந்தாலே இரண்டு மணி நேரக் கச்சேரியின் முடிவில் 72 மில்லிநொடி, அதாவது கிட்டத்தட்ட இரண்டு ஃப்ரேம் விலகியிருக்கும். ஒவ்வொரு உருப்படியின் முடிவிலும் கைதட்டல் வரும் இடத்தில் வெட்டி, அடுத்ததைப் புதிதாகப் பொருத்துவதே எளிய தீர்வு.

தமிழ் எழுத்துகள் எல்லா மென்பொருளிலும் சரியாக வருமா?

வாங்குவதற்கு முன் இதைச் சோதித்தே ஆக வேண்டும். ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் எழுத்துக்கு முன்னால் வர வேண்டியவை. ஒகர வரிசையில் குறி இருபுறமும் பிரிந்து நிற்க வேண்டும். எழுத்துரு வடிவமைப்பை முழுமையாகக் கையாளாத டைட்டில் கருவிகள் இவற்றை இடம் மாற்றிப் போடும், அல்லது குறிகளைத் தனியே மிதக்க விடும். ஒரே மென்பொருளிலேயே ஒரு டைட்டில் கருவி சரியாகவும் மற்றொன்று தவறாகவும் காட்டுவதுண்டு. ‘கொடுத்தோம்’, ‘பௌர்ணமி’, ‘ஸ்ரீ’ ஆகியவற்றைத் தட்டிப் பாருங்கள். தவறினால், இங்க்ஸ்கேப் போன்ற வரைகலை மென்பொருளில் எழுத்தை அமைத்து, பின்னணி இல்லாத பிஎன்ஜி படமாகக் கொண்டுவந்து வைப்பது எங்கும் செல்லும் வழி. எழுத்துக்கெழுத்து அசையும் விளைவுகள் மட்டும் அதில் கிடைக்காது.

கணினி எப்படி இருக்க வேண்டும்?

இரண்டு வேலைகளும் கணினியின் வெவ்வேறு உறுப்புகளைக் கசக்குகின்றன. ரிசால்வுக்கு வரைகலை அட்டையும் அதன் நினைவகமும் முக்கியம். இசை மென்பொருளுக்கு வேகமான செயலியும், தடங்கல் தராத ஆடியோ டிரைவரும் முக்கியம். விண்டோஸில், தாமதம் குறைந்த ஏசியோ டிரைவரோடு வரும் ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) ஒன்று இருந்தால், பாடும்போது தன் குரலைத் தாமதமின்றிக் கேட்க முடியும்: 48 கிலோஹெர்ட்ஸில் 128 மாதிரி பஃபர் (ஒலியைச் சற்றே சேர்த்துவைக்கும் இடம்) என்பது 2.7 மில்லிநொடிதான். பாட்டுப் பதிவின்போது பஃபரைக் குறைத்தும், கலக்கும்போது கூட்டியும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மென்பொருள்களையும் ஒரே நேரத்தில் திறந்து வைப்பதைத் தவிர்ப்பது நல்லது. ஒலிக்கருவியை யார் பிடித்துக்கொள்வது என்பதில் அவை மோதிக்கொள்ளும்.

யூடியூபுக்கு ஒலியளவு எவ்வளவு? அதை எந்த மென்பொருளில் சரிசெய்வது?

யூடியூப் -14 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் ஒலியளவின் அலகு) அளவைத் தாண்டிய ஒலியைக் குறைத்து ஒலிக்கச் செய்கிறது, அதற்குக் கீழே உள்ளதைக் கூட்டுவதில்லை. ஆகவே அந்த அளவை ஒட்டியும், உச்சம் -1 டெசிபலைத் தாண்டாமலும் வைத்தால் போதும். இறுதி அளவை எடிட்டிங் மென்பொருளில் வைப்பதே சரி, ஏனெனில் வசனமும் விளைவு ஒலியும் சேர்ந்த முழுக் கலவை அங்கேதான் இருக்கிறது. இசை மென்பொருளில், உச்ச ஒலிகளை அடக்கும் லிமிட்டரால் முழுவதும் நசுக்கிக் கொண்டுவந்த பாட்டை அங்கே எதுவும் செய்ய முடியாது. சற்று இடைவெளி விட்டே கொண்டுவாருங்கள்.

சில ஆண்டுகள் கழித்துப் பழைய வேலையைத் திறக்க முடியுமா?

வீடியோத் திட்டங்கள், காட்சிக் கோப்புகள் இருக்கும் வரை பெரும்பாலும் திறக்கும். இசைத் திட்டங்கள் அப்படியல்ல. அன்று பயன்படுத்திய மெய்நிகர்க் கருவி இன்று இல்லை என்றால் அந்த டிராக் ஊமையாகத்தான் திறக்கும். ஒவ்வொரு பாட்டும் முடிந்தவுடன் எல்லா டிராக்குகளையும் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ் கோப்புகளாக எடுத்து, மிடி கோப்பையும் வேகக் குறிப்பையும் சேர்த்து வையுங்கள். ஸ்டீரியோ கோப்பு நிமிடத்துக்குச் சுமார் 17 எம்பி. நான்கு நிமிடப் பாட்டின் 20 டிராக்குகள் ஏறத்தாழ 1.4 ஜிபி, அந்தப் பாட்டுக்கு எடுத்த காட்சிக் கோப்புகளின் அளவோடு ஒப்பிட்டால் மிகச் சிறிது.